மழைக்கு முதுகு காட்டிய லஹ்பீப்

பாலைவன நகரமான லாயூனுக்குத் தெற்கே ஒட்டகம் மேய்ப்பவர்களில் லஹ்பீபைப் போல ஒரு வீம்புக்காரரைப் பார்க்க முடியாது. இருபத்திரண்டு வருஷம் பாஸ்பேட் சுரங்கத்தில் உழைத்தவர். தோண்டிய மண்ணெல்லாம் கப்பலேறிப் போவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய் மேய்ச்சலுக்கு வந்தார். வந்த இடத்தில் காற்றாலைகள் முளைத்தன.

"நம்ம நாட்டைப் பிடிச்சவனுங்க முதல்ல மண்ணை எடுத்தானுங்க, இப்ப காத்து. நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டானுங்களா? அந்தக் கரண்டைத் தொடமாட்டேன்" என்று நாலு பேர் முன்னால் சத்தியம் செய்தார். கூடார வாசலில் பழைய சோலார் தகடு ஒன்றை வைத்துக்கொண்டார்.

தகட்டுக்கு வெயில் வேண்டும். எங்கள் பிழைப்போ புல்லுக்காக மேகத்தின் பின்னால் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. இதில் அவர் பட்ட பாட்டைச் சொல்லி நாங்கள் சிரிக்காத நாளில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அவருடைய அக்கா முனீனா போனில் கூப்பிடுவாள். சண்டைக் காலத்தில் பன்னிரண்டு வயதில் ஓடியவள், ராணுவம் நாட்டை இரண்டாகப் பிரித்து எழுப்பிய மணல் சுவருக்கு அந்தப் பக்கம் அகதி முகாமிலேயே கிழவியாகிவிட்டாள். வாராவாரம் ஒரே கேள்வி: "மழை பெஞ்சுச்சாடா?" மூன்று வருஷமாக ஒரே பதில்: "இல்லைக்கா."

இந்த வாரம் புதன்கிழமையே மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலையில் போன் செத்துக் கிடந்தது.

"காத்தாலைக் காவலுக்கு இருக்கிற ஹம்தி நம்ம ஆளுதானே. அங்க போனா அரை மணியில சார்ஜ் ஏறிடும்" என்றாள் மனைவி அஸ்ஸா.

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அப்ப சத்தியத்தையே காதுல வெச்சுப் பேசுங்க."

லஹ்பீப் போனை மடியில் செருகினார். தகட்டை ஒட்டகத்தின் மேல் கட்டிக்கொண்டு மழைக்கு முதுகு காட்டி நடந்தார். எதிரே மந்தை ஓட்டி வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"யோவ், மழை அந்தப் பக்கம்."

"தெரியும். நான் வெயிலைத் தேடிப் போறேன்."

"மூணு வருஷம் காஞ்சது பத்தலியாக்கும்."

உச்சிப்பொழுதில் மேகத்தின் ஓரத்தைத் தாண்டி வெயிலைப் பிடித்தார். தகட்டை இறக்கி வெயிலில் வைத்தார். போனுக்கு உயிர் வந்தது. அஸர் முடிந்ததும் மணி அடித்தது.

"மழை பெஞ்சுச்சாடா?"

"மூணு நாளா பெய்யுதுக்கா."

 "எனக்குச் சத்தம் கேக்கலியேடா" என்றாள்.

லஹ்பீப் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் பொட்டு மேகமில்லை. தன்மேலேயே கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"போனை வைக்கா. கொஞ்ச நேரம் கழிச்சு நானே கூப்பிடுறேன்."

ஒட்டகத்தின் மேல் ஏறி, வந்த வழியே விரட்டினார். மழைக்குள் நுழைந்ததும் இறங்கி, தகட்டைக் குடையாகத் தலைக்கு மேல் பிடித்தார். அக்காவைக் கூப்பிட்டு, போனைத் தகட்டின் அடியில் ஒட்டி வைத்தார். கண்ணாடியில் மழை படபடவென்று கொட்டியது.

"நம்ம ஊரு மழைடா" என்றாள் முனீனா. குரல் உடைந்திருந்தாலும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள், தம்பிக்குத் தெரியாதா?

போன் அணையும் வரை இருவரும் வேறொன்றும் பேசவில்லை.