விலாசம் இல்லாத மாத்திரை

மருந்துக்கடையில் அவருக்குக் கத்தரி அண்ணன் என்று பெயர். இருபத்தெட்டு வருடமாக ஒரே கடை, ஒரே கண்ணாடி மேசை. அட்டையில் பத்து மாத்திரை இருந்து ஏழு கேட்டால், கண் பார்க்காமலே கை கத்தரிக்கோலால் வெட்டிவிடும். ஒரு குமிழ்கூட நசுங்காது. அதில் ஒரு முறையும் வைத்திருந்தார். பல அட்டைகளில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்தைக் கடையில் வைத்துக்கொண்டு மறுமுனையிலிருந்துதான் வெட்டிக் கொடுப்பார். பெட்டியில் மிஞ்சும் துண்டுக்குப் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து மாறிப்போகும் என்பது முதலாளி சொல்லித்தந்தது. சரியான யோசனைதான், கடையின் பக்கத்திலிருந்து பார்த்தால். பெயரில்லாத துண்டு யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகிறது என்பதை இத்தனை வருடத்தில் ஒரே ஒருவர்தான் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர்.

நடக்காவிட்டால் கால் கட்டிக்கொள்ளும் என்று மாத மருந்தை வாராவாரம் வந்து வாங்கும் மனிதர் அவர். இதயத்துக்காக, இரத்தம் உறையாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரை, வாரத்துக்கு ஏழு. ஒருநாள் போன வாரத்துக் காலி வெள்ளித் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா, விலாசம் இல்லாத தபாலாக் குடுக்கற?"

"அதெல்லாம் உங்க வயித்துக்கு விலாசம் தெரியும் சார்" என்றார் கத்தரி அண்ணன். இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வெட்டியதில் அன்றைய துண்டின் மூலை பல் போலப் பிசிறிவிட்டது. அன்று அது ஒரு விஷயமாகவே படவில்லை.

நான்கு நாள் கழித்து முட்டிவலிக்கு வேறு ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார் தபால்காரர். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, பிரஷருக்கு ஒன்று, அப்புறம் சின்னதாக ஒன்று என்று சொல்லி, பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். அதில் படிக்க எதுவும் இல்லை. டாக்டரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வலி மாத்திரை எழுதினார். அதை அங்கேயே பக்கத்துக் கடையில் வாங்கினார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம் என்பது கத்தரி அண்ணனுக்குத் தெரியும். அந்த மருந்துச் சீட்டு அவர் கைக்கு வந்திருந்தால் நிறுத்திக் கேட்டிருப்பார். வரவில்லை.

இரண்டே நாளில் தபால்காரர் இரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில், என்ன மருந்து என்று தெரிந்தால்தான் அதை முறிக்க மாற்று மருந்து கொடுக்க முடியும் என்றார்கள். கடைக்கு அன்று வார விடுமுறை. இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

தபால்காரரின் மனைவி மருந்து டப்பாவோடு கடைக்கு வந்தபோதுதான் இவ்வளவும் தெரிந்தது. மிஞ்சியிருந்த துண்டை மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இதுக்குப் பேர் என்னப்பா? திரும்பத் திரும்பக் கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

பிசிறிய மூலையைப் பார்த்ததுமே கத்தரி அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் வேறு சொன்னது: "பாத்துச் சொல்றேம்மா. வெச்சுட்டுப் போங்க." அந்த அம்மாள் போன பிறகு பெட்டியைத் திறந்தார். மூன்று மாத்திரையோடு பெயருள்ள மிச்சம் அங்கேயே இருந்தது. பல்லும் பள்ளமும் பொருந்தின. இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு சட்டை மாறியது, பையில் இருந்தது மாறவில்லை. துவைக்க எடுக்கும்போதெல்லாம் அவர் மனைவி, "யாரு குடுத்த காதல் கடுதாசி, இப்படிப் பொத்திப் பொத்தி வெக்கறீங்க?" என்று கேட்பார். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் கேட்பதை விட்டுவிட்டார். கடையில் யார் அட்டையைத் தொட்டாலும், அந்தத் தகடு நொறுங்கும் சத்தத்துக்குள் ஒரு குரல் விலாசம் கேட்டது. ஒவ்வொரு காகித உறையிலும் மருந்தின் பெயர், எதற்காக, எவ்வளவு, எதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று எழுத ஆரம்பித்தார். எந்த டாக்டரிடம் போனாலும் இந்த உறைகளை மொத்தமாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "கல்வெட்டா அண்ணே? வரிசை தெருவுக்குப் போயிடுச்சு" என்று பில் போடும் பெண் கிண்டல் செய்தாள். பார்த்தவர்கள் பொறுப்பான மனிதர் என்றார்கள். பொறுப்பு கொஞ்சம் இருக்கலாம். பெரும்பகுதி பயம்தான்; பயமும் பார்ப்பதற்குப் பொறுப்பைப் போலவே இருக்கும்.

பெயர் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா? கேட்காத டாக்டர், விற்ற கடை, சொல்லாத நோயாளி என்று காரணத்தை எத்தனை பங்காக வேண்டுமானாலும் பிரிக்கலாம். பிரித்த பிறகும் தன் பங்கு குறைந்ததாக அவருக்குத் தோன்றவில்லை. இதைவிட அவரை வதைத்தது வேறொன்று. அந்த அம்மாள் மாதாமாதம் தன் பிரஷர் மாத்திரைக்கு வந்தார். அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவே இல்லை. பதில் இவர் பையில் இருக்கிறது என்று தெரிந்தேதான் நிற்கிறாரோ என்று ஒவ்வொரு முறையும் பயந்தார்.

ஏழாம் மாதம், மதியம், கடையில் யாரும் இல்லாத நேரத்தில் வந்தார். கத்தரி அண்ணன் இரண்டு துண்டுகளையும் எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"அம்மா, பேரு அன்னைக்கே எனக்குத் தெரியும். பேர் இருந்த பக்கத்த நான்தான் வெட்டி வெச்சுக்கிட்டேன். சார் கேட்டாரு. சிரிச்சுட்டேன்."

அந்த அம்மாள் துண்டுகளை விரலால் தள்ளிச் சேர்த்தார். அவை பொருந்தின.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. நீயே படி."

படித்தார். வாயில் எளிதில் நுழையாத பெயர். அந்த அம்மாள் சொல்லிப் பார்த்தார், தவறியது. இன்னொரு முறை படிக்கச் சொன்னார். நான்காவது முறை சரியாக வந்தது.

"அன்னைக்கு இதத்தான் கேட்டாங்க" என்றார்.

தன் மாத்திரையை முழு அட்டைகளாக வெட்டாமல் கேட்டு வாங்கிக்கொண்டார். சேர்ந்திருந்த இரண்டு துண்டுகளை எடுக்கவில்லை. படியிறங்கும்போதும் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மறந்துவிடாமல் இருக்க, அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தார்.