செபுலோனைத் தூக்க ஆளில்லை

என் அம்மா லோயிஸுக்கு நேர் மூத்தவள் கெசையா. அவர்களுக்கு மேலே பிறந்த மூன்றும் ஒரே வருஷம் அம்மையில் போய்விட்டன. இந்தக் கெசையா பெரியம்மா நியூபரி துறைமுகத்தில் பீப்பாய் செய்கிற செபுலோனைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை.

செபுலோன் பெரியப்பா, கனடாவில் பிரெஞ்சுக்காரனோடு நடந்த சண்டைக்குப் போய், பனியில் இரண்டு கால்விரல்களை விட்டுவிட்டு வந்தவர். சண்டையில், கடலுக்கு அப்பால் சீமையிலிருந்து எங்களை ஆண்ட ராஜா ஜெயித்தார். ஆனால் கடன் கழுத்துவரை ஏறிவிட்டது. அதை அடைக்க எங்கள் தலையில் வரி வைத்தார்கள். வெல்லப்பாகுக்கு வரி, முத்திரைத்தாளுக்கு வரி, பிறகு கண்ணாடிக்கு, தேயிலைக்கு. அதே நேரம் துறைமுகத்தில் வேலையும் படுத்துவிட்டது. பீப்பாய் கேட்பாரில்லை. வேறு வழி தெரியாமல் பெரியப்பா சுங்கத்தில் காவலாளாகச் சேர்ந்தார். வந்த கப்பலிலேயே உட்கார்ந்து, வரி கட்டாத சரக்கு இறங்காமல் பார்க்கிற வேலை. அன்றோடு ஊர் அவரோடு பேசுவதை நிறுத்தியது.

ஆயிரத்து எழுநூற்று அறுபத்தொன்பதாம் வருஷம் அக்டோபரில் காய்ச்சலில் படுத்தார். ஜன்னலுக்கு வெளியே கூட்டம் வந்து கத்தும்.

“டேய் செபுலோன்! செத்தா தப்பிச்சிடலாம்னு பாக்கறியா? பொணத்துக்குத் தார் பூசி, எறகு ஒட்டி, வண்டியில ஊர் சுத்திக் காட்டிட்டுத்தான்டா பொதைப்போம்!”

அந்தக் குரல் கப்பலுக்குக் கயிறு திரிக்கிற கயிற்றுச்சாலை ஒபதியாவுடையது. சொன்னதைச் செய்கிறவன். போன மாதம் சுங்கத்துக்குத் துப்புச் சொன்ன ஒருவனை அப்படித்தான் வண்டியில் ஏற்றினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பெரியப்பா போய்விட்டார். பெரியம்மா அழவில்லை. கதவுக்குத் தாழ்போட்டுவிட்டு, “லோயிஸ், இவரை இன்னைக்கே மண்ணுக்குள்ள வச்சிடணும். அவனுங்க கையில கெடைக்கக் கூடாதுடி” என்றாள்.

தூக்க ஆறு பேர் வேண்டும். எங்கள் ஊரில் கறுப்புக் கையுறை அனுப்பித்தான் பெட்டி தூக்கக் கூப்பிடுவது. வாங்கிக்கொண்ட வீட்டிலிருந்து ஒருவன் வந்தே ஆக வேண்டும். வராதவன் வீட்டுச் சாவுக்கு யாரும் போகமாட்டார்கள். ஆனால் கையுறை சீமைச் சரக்கு. வரியை எதிர்த்து, சீமைச் சரக்கைத் தொடுவதில்லை என்று ஊரே கையெழுத்துப் போட்டிருந்த சமயம். மீறியவன் பெயரைப் பத்திரிகையில் அச்சடித்தார்கள். பெரியம்மாவிடம் இருந்தவை பெரியப்பா பழைய சாவுகளில் வாங்கிச் சேர்த்தவை. பழசு என்று யார் நம்புவார்கள்?

அம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. ஆறு ஜோடியையும் மேலங்கிக்குள் ஒளித்துக்கொண்டு போனாள். மதியத்துக்குள் ஐந்து ஜோடி திரும்பி வந்தது. ஒன்றைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு ஓடினார்கள். ஒன்று சேற்றோடு ஜன்னலில் வந்து விழுந்தது. போதகர்கூட, “கல்லறைக்கு வந்துடறேன்மா, தூக்க மட்டும் கூப்பிடாதே” என்று சொல்லியனுப்பினார்.

“ஆறாவது?”

“ஜோயல் அண்ணன் வீட்டுல குடுத்தேன்க்கா.”

“அவர் கையில குடுத்தியா?”

அம்மா தலை குனிந்தாள். ஜோயல் நல்ல மனிதர். ஆனால் ஒபதியாவின் அண்ணன். இருவருக்கும் ஒரே வீடு. “ஒபதியா பொண்டாட்டிதான் கதவைத் தொறந்தா. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள வாங்கிட்டா. அப்புறமாத்தான் யாரு செத்ததுன்னு கேட்டா. சொன்னேன். அப்படியே வெளுத்துப் போயிட்டா. ஜோயல் அண்ணன் கடலுக்குப் போயிருக்காராம்.”

பெரியம்மா உட்கார்ந்துவிட்டாள். “பொணம் இங்க இருக்குன்னு நீயே அவன் வீட்டுல போய்ச் சொல்லிட்டு வந்திருக்கே.”

இருவரும் மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். பெட்டியின் மேல் போர்வை போட்டார்கள், என்னவோ அதற்குள் இருப்பது தெரியாது என்பதுபோல்.

மூன்று மணி இருக்கும். தெருவில் காலடிச் சத்தம், நிறையக் கால்கள். கதவிடுக்கில் தார் நாற்றம் வந்தது. பெரியம்மா கோடரியைக் கையில் எடுத்தாள்.

“கதவைத் தொற கெசையா. நான்தான், ஒபதியா.”

“செத்தவரை விட்டுடு ஒபதியா. உன் கால்ல விழறேன்.”

“கால்ல எல்லாம் விழ வேணாம். கயிறு திரிக்கிறவன் மேல தார் நாறாம ரோஜாவா மணக்கும்? என் வீட்டுக்காரி கையுறையை வாங்கித் தொலைச்சிட்டா. தூக்கித்தானே ஆகணும்? தொற, கோடரி இடுக்குல தெரியுது, அதைக் கீழ போட்டுட்டுத் தொற.”

கயிற்றுச்சாலை ஆட்கள் ஐந்து பேர் பின்னால் நின்றார்கள். அவர்களுக்குக் கையுறை நீட்டியபோது, “வேண்டவே வேண்டாம் தாயே” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒபதியா மட்டும் போட்டிருந்தான். அவன் கைக்குப் பற்றாமல் தையல் பிரிந்திருந்தது. “பரிசாத் தரதுன்னா அளவு பாத்துத் தரக்கூடாதா?” என்றான். ஒருவன் சிரித்துவிட்டு, பெட்டியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

வழி நெடுக ஜன்னல்கள் மூடின. சந்தை முக்கில் திரும்பும்போது, வண்டிக்குத்தான் கொண்டுபோகிறார்களோ என்று பெரியம்மா பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். குழிக்குள் இறங்கும்வரை விடவில்லை.

மண் தள்ளி முடிந்ததும் ஒபதியா அருகே வந்தான். கத்தவில்லை. “இன்னைக்குக் கூப்பிட்டே, வந்தேன். இனிமே கூட்டத்துல கேப்பானுங்க, சுங்கக்காரனை ஏன்டா தூக்கினேன்னு. நான் அவனுங்களோட உன் வீட்டுக்கு வந்தாகணும். அப்ப நீ அங்க இருக்காதே.”

“எப்ப வருவே?”

“இன்னைக்கு இருட்டினதும்.”

பெரியம்மா வீட்டுக்குத் திரும்பவே இல்லை. கல்லறை மண் ஒட்டிய கையோடு, ராஜாவின் படை இருக்கிற ஹாலிஃபாக்ஸுக்குப் போகிற மீன்படகில் ஏறினாள். அம்மா கரையில் நின்றாள். பேசவில்லை, பேசினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று.