உப்பில்லாத மூன்று வாரம்

எனெலெசிக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. ஜெபத்தில் பாதிரியார் கண்ணை மூடினால், மனுஷன் ஜெபிக்கிறாரா தூங்குகிறாரா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பாள். கடையில் சர்க்கரை வாங்கினால் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "உன் தராசுக்கும் வயசாயிடுச்சு போல" என்பாள். கட்டிய புருஷன் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்துக்குப் போய், முதல் வருஷம் மூன்று கடிதம், இரண்டாம் வருஷம் ஒன்று, அப்புறம் ஒன்றுமில்லை என்று ஆனதிலிருந்து வந்த குணம் அது என்பார்கள் ஊரில். அவளைக் கேட்டால், "இல்ல, பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். அதனாலதான் அவன் போனான்" என்பாள்.

சிகோம்பே ஏரிக்கரையில், மிஷன் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் ஒன்பது வருஷமாக அவள்தான் சமையல். ஹாலந்திலிருந்து வந்த குடும்பம். ஹெரிட் டாக்டர், அவர் மனைவி யானெகே சிஸ்டர், இங்கேயே பிறந்து எனெலெசியின் முதுகில் கட்டுண்டு வளர்ந்த ஃபென்னா. அதற்கு இப்போது ஏழு வயது. காலை ஆறு மணிக்கு மேஜையைச் சுற்றி ஜெபம், கஞ்சி, வீட்டில் சுட்ட ரொட்டி. ஏழு மணிக்கெல்லாம் கிளினிக் வராந்தாவில் ஜனம் நிரம்பிவிடும். டாக்டர் காய்ச்சலையும் புண்ணையும் பார்ப்பார். பிரசவம் எல்லாம் சிஸ்டர் கையில். இடையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் ஓடிவந்து சமையலறை மேஜையில் ஃபென்னாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். கணக்கு முடிவதற்குள் யாருக்காவது வலி எடுத்துவிடும். ஃபென்னாவுக்கு ஆறாம் வாய்ப்பாடு இன்னும் பாதியில் நிற்பது சிகோம்பே குழந்தைகளால்தான்.

ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள எனெலெசி முகங்களைப் பார்ப்பதில்லை. குப்பையைப் பார்ப்பாள், துவைக்கப் போட்ட துணியைப் பார்ப்பாள், தட்டில் மிச்சம் வைத்ததைப் பார்ப்பாள். அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை நடந்தது அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

சிஸ்டர் சமையலறைக்கு வந்து, அலமாரியிலிருந்த நீல மூடி போட்ட உப்பு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எனெலெசி அக்கா, இனிமே சமையல்ல உப்புப் போட வேண்டாம். ரொட்டியிலயும் வேண்டாம்."

"ஏன் சிஸ்டர்? கரிச்சுதா?"

"இல்ல இல்ல. சும்மா. கொஞ்ச நாளைக்கு."

டப்பா சிஸ்டரோடு படுக்கையறைக்குள் போனது. கதவு சாத்தப்பட்டது.

சிகோம்பேயில் உப்பைச் சும்மா நிறுத்துகிறவர் கிடையாது. மாதவிலக்கு நாட்களில் ஒரு பெண் பானையில் தன் கையால் உப்புப் போட மாட்டாள். வீட்டில் சின்னப் பெண் இருந்தால் அது வந்து போடும். சாவு விழுந்த வீட்டிலும், கரு கலைந்த பெண் இருக்கிற வீட்டிலும் தீட்டுக் கழிகிற வரைக்கும் அடுப்பில் உப்பே சேராது. மீறினால் சாப்பிட்டவனுக்கு இருமல் பிடிக்கும். அந்தக் கை தொட்ட பச்சைக்குழந்தை வீங்கிப்போகும். எனெலெசிக்கு அந்த நாட்கள் நின்று ஆறு வருஷமாகிறது. அவள் ஊருக்கே உப்புப் போடலாம். அவள் கையிலிருந்து உப்பைப் பிடுங்குகிறார்கள் என்றால், குறை அவளிடம் இல்லை. வீட்டில்.

வெள்ளைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். எனெலெசி நம்பவில்லை. தெரியாத மாதிரி இருப்பார்கள், அவ்வளவுதான்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். மாசாந்திரக் கணக்காக இருந்தால் ஐந்தாம் நாள் டப்பா திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. ரொட்டி சுண்ணாம்பை மெல்லுகிற மாதிரி இருந்தது. புதன்கிழமை காலை ஜெபத்தில் சிஸ்டரின் கண்கள் சிவந்திருந்தன. விரிப்பு மாற்றும்போது பார்த்தால், மெத்தைக்கு அடியில் மிஷன் ஆபீஸ் முத்திரை போட்ட கடிதம் ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. ஹாலந்திலிருந்து வந்த பார்சலில் ஃபென்னாவுக்கு உயிரான கறுப்பு மிட்டாய் இருந்தது, உப்புக்கரிக்கும் மிட்டாய். அதையும் பீரோவின் மேல் தட்டில் ஒளித்துவைத்திருந்தார்கள்.

கரு கலைந்திருக்கிறது என்று முடிவு கட்டினாள் எனெலெசி. கலைந்ததை யாருக்கும் சொல்லாமல், அந்தக் கையோடேயே தினமும் பிள்ளை எடுக்கிறார்.

வேறு சமயமாக இருந்தால் அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருப்பாள். இப்போது அவளுடைய ஒரே மகள் லுஃபீனாவுக்கு நிறைமாதம். முதல் பிள்ளை வீட்டில் பிறந்து, அழாமலே போயிற்று. இரண்டாவதும் போயிற்று, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், லாரியின் பின்பக்கத்தில். மூன்றாவதைச் சிஸ்டர் கையில்தான் பெற வேண்டும் என்று அண்ணன் சவுலோஸியோடு சண்டை போட்டு ஜெயித்தவளே எனெலெசிதான். தாய்மாமன் சம்மதமில்லாமல் அந்த வீட்டில் கோழிகூட அடை வைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சவுலோஸி வந்தார். வாசலில் மாமரத்தடியில் உட்கார்ந்து லுஃபீனாவின் வயிற்றைப் பார்த்தார்.

"இறங்கிடுச்சே. கிளினிக்ல சொல்லி வச்சாச்சா?"

"அம்மாவைக் கேளுங்க மாமா. பத்து நாளா வாயே திறக்க மாட்டேங்குது" என்றாள் லுஃபீனா.

"என்ன எனெலெசி? சிஸ்டர் சிஸ்டர்னு நீதானே தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுன? இப்ப என்ன, இறக்கி வச்சுட்டியா?"

"கழுத்து வலிக்குது" என்றாள் எனெலெசி.

"பேச்சைப் பாரு. லாரிக்குச் சொல்லட்டுமா?"

"லாரி வேண்டாம்." லுஃபீனாவின் குரல் உடைந்தது. "அந்த ரோட்டுல நான் இன்னொரு தடவை போக மாட்டேன். சொல்லிட்டேன்."

எனெலெசி எழுந்து விறகை அடுக்கப் போனாள். வாயைத் திறந்தால் மத்தியானத்துக்குள் ஏரிக்கரை முழுக்கப் பரவிவிடும். மறுநாள் கிளினிக் வராந்தாவில் ஆடுதான் படுத்திருக்கும். சந்தேகம் சரியாக இருந்தால் அது நியாயம். தப்பாக இருந்தால்? பார்த்துவிடலாம், இன்னும் ஒரு வாரம் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள்.

பார்த்ததில் இன்னும் மோசமானது கிடைத்தது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மீன் வாங்கக் கரைக்குப் போனாள். விதவை ஃபலேசி மீன் உலர்த்தும் பரணுக்குப் பின்னால் ஹெரிட் டாக்டர் குந்தியிருந்தார். முன்னால் ஒரு வாழையிலை. அதில் சுட்ட கருவாடு, உப்புப் பூத்துப்போனது. மனுஷன் விரலைக்கூட விடாமல் சப்பிக்கொண்டிருந்தார். ஃபலேசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுமா டாக்டர்?"

"வை, வை. வீட்டுல சொல்லிடாதே."

எனெலெசி படகு மறைவில் நின்றுகொண்டாள். வீட்டில் பெண்டாட்டி உப்பில்லாமல் கிடக்கிறாள், புருஷன் வெளியே இன்னொருத்தி கையால் உப்புத் தின்கிறான். இதைவிடப் பெரிய கேடு ஒரு வீட்டுக்கு வேறு இல்லை. போன வாரம் சிஸ்டர் எடுத்த பிள்ளை ஒன்று அன்று காலை இருமியதாக யாரோ சொன்னதும் நினைவுக்கு வந்தது. யார் சொன்னது என்று மறந்துவிட்டது. இருமியது மறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். எனெலெசி பூசணிக் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். படுக்கையறைக் கதவு திறந்துகிடந்தது. கிளினிக் பக்கம் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வாடகை சைக்கிளின் பின்னால் லுஃபீனா, இடுப்புத் துணி நனைந்து, சைக்கிள்காரன் சட்டையைக் கிழித்துவிடுகிற மாதிரி பிடித்தபடி. அம்மாவிடம் கேட்காமல், மாமனிடம் கேட்காமல் தானே வந்துவிட்டாள்.

எனெலெசி கத்தியைப் போட்டாள். நேரே படுக்கையறைக்குள் போனாள். உப்பு டப்பா ஜன்னலோரம் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பிரசவ அறைக் கதவருகே அவளும் சிஸ்டரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே லுஃபீனா கட்டிலில் ஏறியாயிற்று. எனெலெசி வாசலை மறித்துக் கொண்டு நின்றாள்.

"அக்கா, நகருங்க. நேரம் இல்ல."

"உங்க வீட்டுல என்ன நடந்துச்சு? சொல்லிட்டு உள்ள போங்க."

"என்ன நடந்துச்சு?"

"மூணு வாரமா உப்பில்ல. எது போச்சு, சொல்லுங்க."

சிஸ்டர் அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். ஒன்பது வருஷமாக வலியோடு படுத்த பெண்கள் அவரிடம் சொல்லாத விஷயமே கிடையாது. புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தார். வராந்தாவில் பத்துப் பதினைந்து பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் போகல. என்னை நம்புங்க."

"நம்பறதுக்கு ஒரு வழி இருக்கு." எனெலெசி விரலை நீட்டினாள். நோயாளிகளோடு கூட வந்தவர்கள் சமைக்கும் கொட்டகையில் ஒரு பானையில் பயறு கொதித்துக்கொண்டிருந்தது. "உங்க கையால அதுல உப்புப் போடுங்க. எல்லாரும் பாக்கட்டும். போட்டுட்டு எம்பொண்ணைத் தொடுங்க."

உள்ளேயிருந்து லுஃபீனா கத்தினாள். "அம்மா! உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவங்கள விடு!"

சிஸ்டர் டப்பாவை வாங்கினார். இரண்டடி வைத்தார். மூடியைத் திறந்தார். நின்றார்.

எனெலெசி கதவுச் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். தான் நினைத்தது சரிதான். சரியாகப் போகக் கூடாதே என்று மூன்று வாரமாக வேண்டிக்கொண்டது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

சிஸ்டர் திரும்பி வந்தார். எனெலெசியின் தோளைப் பிடித்துக் காதோடு காதாகச் சொன்னார். "போட முடியாது அக்கா. இன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாள்."

எனெலெசி அவர் முகத்தையே பார்த்தாள். கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்திருந்தது. மறைக்கிறவளாக இருந்தால் ஒரு சிட்டிகையை அள்ளிப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். யாருக்குத் தெரியப்போகிறது? போடாமல் வந்து நிற்கிறார். அதுவுமல்லாமல், ரெண்டாம் நாள் என்றால் மாசக் கணக்கு ஒழுங்காகத்தான் ஓடுகிறது. கலைந்தது எதுவும் இல்லை.

"அப்ப ஒன்பது வருஷமா மாசாமாசம் எப்படிப் பிள்ளை எடுத்தீங்க?" என்றாள் எனெலெசி, அவளும் காதோடு.

"கையுறை போட்டுக்கிட்டு."

"இன்னைக்கு ரெண்டு போடுங்க. ஒண்ணு மேல ஒண்ணு."

"மூணு வேணும்னாலும் போடறேன். நகருங்க!"

"பிள்ளைய முதல்ல நான்தான் வாங்குவேன்."

"கையைக் கழுவிட்டு வாங்க. முழங்கை வரைக்கும். சோப்புப் போட்டு."

வராந்தாவில் இருந்த பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஃபென்னா வாய்ப்பாட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றது. அதன் கையில் டப்பாவைத் திணித்து, "போ, அந்தப் பயறுல ஒரு கை போடு" என்று விரட்டினாள் எனெலெசி. போகிற வழியில் அது ஒரு விரல் உப்பை நக்கிக்கொண்டு போனது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. லுஃபீனா அம்மாவைத் திட்டினாள், சிஸ்டரைத் திட்டினாள், ஊரிலேயே இல்லாத அப்பனையும் சேர்த்துத் திட்டினாள். பெண் குழந்தை. வெளியே வந்ததும் அழவில்லை. எனெலெசியின் கையில் ஈரத்துணி மாதிரிக் கிடந்தது. முதல் பிள்ளையும் இப்படித்தான் கிடந்தது. சிஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் அதைப் பறித்தார். மூக்கை உறிஞ்சி எடுத்து, முதுகைத் தேய்த்து, வாயும் மூக்கும் மூடும்படி முகமூடி வைத்துக் காற்றுப் பையை அமுக்கினார். இரண்டு கையுறை போட்ட விரல்கள் தடுமாறின. "கழட்டுங்க அதை, கழட்டுங்க!" என்று கத்தினாள் எனெலெசி. சிஸ்டர் மேல் உறையைப் பல்லால் கடித்து இழுத்து எறிந்தார்.

அதற்கப்புறம்தான் அது அழுதது. அழுதால் அப்படி ஓர் அழுகை, கொட்டகையில் பயறு கிண்டிக்கொண்டிருந்தவள் அகப்பையோடு ஓடிவந்தாள்.

மத்தியானம் லுஃபீனா தூங்கியபின், எனெலெசி குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள்.

"இருமல் இல்ல" என்றார் சிஸ்டர்.

"இன்னைக்கு இல்ல" என்றாள் எனெலெசி. குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே, "அப்ப உப்பை எதுக்கு நிறுத்துனீங்க?" என்றாள்.

சிஸ்டர் கதவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "டாக்டருக்கு ரத்த அழுத்தம். ரொம்ப அதிகம். உடம்பு எப்படி இருக்குன்னு மிஷன் ஆபீஸ்ல கேட்டு எழுதியிருக்காங்க. குறையலைன்னா எங்கள ஊருக்குத் திரும்ப வரச் சொல்லிடுவாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். மூணு வாரமா ஒரு துளி உப்பு உள்ள போகல. ஆனா ஏறிக்கிட்டேதான் இருக்கு. மருந்து சரியில்லையோ, வேற ஏதாவது நோயோன்னு எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

எனெலெசிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். வேறொருவர் சந்தேகப்படுவதை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததில்லை.

"மருந்து நல்ல மருந்துதான் சிஸ்டர்" என்றாள். "சாயந்திரம் நடக்கப் போறேன்னு டாக்டர் கிளம்பறாரே, எங்க போறாருன்னு என்னைக்காவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. எனெலெசி சொன்னாள். பரண், வாழையிலை, கருவாடு, ஃபலேசியின் சிரிப்பு, எதையும் விடவில்லை. சிஸ்டரின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு வேறு நிறத்துக்குப் போனது.

அன்று ஐந்து மணிக்கு, பேத்தியைப் பார்க்கச் சவுலோஸி கோழியோடு வந்து நின்ற அதே நேரத்தில், ஹெரிட் டாக்டர் சீட்டியடித்துக்கொண்டு கரையிலிருந்து திரும்பினார். வாசலில் இரண்டு பெண்கள் தோளோடு தோள் நின்றிருந்தார்கள்.

"குழந்தை எப்படி இருக்கு?" என்றார் டாக்டர், முகம் மலர.

"நல்லா இருக்கு" என்றார் சிஸ்டர். "கையைக் காட்டுங்க."

"கையா? எதுக்கு?"

"காட்டுங்க டாக்டர்" என்றாள் எனெலெசி, மூக்கை முன்னால் நீட்டியபடி.