இடது தோளுக்குப் பின்னால்

எனக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் என் அக்கா வருவாள். செத்துப்போன அக்கா. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. இடது தோளுக்குப் பின்னால், மூச்சு பிடரியில் படுகிற தூரத்தில் வந்து நிற்பாள். திரும்பினால் இருக்கமாட்டாள். திரும்பாதவரை சத்தியமாக இருப்பாள். நான் உட்கார்ந்தால் அவளும் உட்காருவாள். நான் குனிந்து அடுப்பை ஊதினால் என் முதுகோடு சேர்ந்து அவளும் குனிவாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. வாயில் இரும்பு நக்கியதுபோல ஒரு ருசி தட்டும், நான் தரையில் கிடப்பேன்.

அக்கா கச்சிராயபாளையத்து வாய்க்காலில் போனாள். கோமுகி அணையைத் திறந்துவிட்ட வாரம், துணி துவைக்க இறங்கினோம். அவளுக்குப் பதினேழு, எனக்குப் பதினான்கு. கால் வழுக்கியவளை எட்டிப் பிடித்தேன். தண்ணீரின் இழுப்பு என்னையும் கொண்டுபோய் மதகுக் கல்லில் மோதியது. காதுக்கு மேலே மண்டை பிளந்து ஏழு தையல் போட்டார்கள். கையை எப்போது விட்டேன், கல்லில் அடிபட்ட பிறகா, அதற்கு முன்னாலேயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊரில் யாரும் கேட்கவில்லை. மண்டை உடைந்த பெண்ணிடம் யார் கேட்பார்கள்?

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை அப்படியே விட்டுவிடமாட்டார்கள். பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக்கிக் கும்பிடுவார்கள். ஆடியில் ஒரு நாள் காலை, பூச்சுற்றிய குடத்தில் வாய்க்கால் தண்ணீர் மொண்டு வந்து, புதுப்புடவை வைத்துப் படைப்போம். பம்பைக்காரர் பாடி அவளைக் கூப்பிடுவார். வீட்டில் யார் மூலமாவது அவள் வந்து இரண்டு வார்த்தை பேசினால்தான் பூசை முடிந்த மாதிரி. எங்கள் வீட்டில் இருந்ததே அம்மாவும் நானும்தான். பம்பைச் சத்தம் ஏற ஏற என் பிடரி சிலிர்க்கும். "வந்துட்டா" என்பேன்.

அம்மா என்னைப் பார்க்கமாட்டாள். என் தோளுக்குப் பின்னால் இருக்கும் வெறும் இடத்தைப் பார்த்துப் பேசுவாள். "சாப்டியாடி? ஈரத்தோட நிக்கிறியே, குளுருதா?" அக்காவுக்காக நான் பதில் சொல்வேன். கடைசியாக எப்போதும் ஒரே கேள்விதான். "தங்கச்சி மேல கோவமாடி?"

"இல்லம்மா" என்று என் வாய் சொல்லும். அதை அக்கா சொன்னதாகத்தான் நான் நம்பினேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டுவேன். அடுத்த ஆடிக்குள் அது தீர்ந்துபோகும்.

கள்ளக்குறிச்சி டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஒழுங்காகச் சாப்பிட்டால் வலிப்பு குறைந்தது, அக்காவும் வரவில்லை. ஆகவே ஆடி பிறந்ததும் அம்மா மாத்திரைப் பட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிடுவாள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டோம். என்ன ஜென்மங்களோ நாங்கள்!

வெள்ளிமலையில் அங்கன்வாடி வேலை கிடைத்து, தினமும் மலை பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். அப்படி மாத்திரை இல்லாத ஒரு ஆடி வாரத்தில், இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்பு பக்கம் போனேன். பிடரியில் மூச்சு பட்டது. அவளும் இடுப்பில் எதையோ தாங்கி நிற்பது தெரிந்தது. கண் விழித்தபோது சாம்பார் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. என் முழங்கை வெந்திருந்தது. குழந்தையைச் சமையல்காரம்மா கடைசி நொடியில் பிடுங்கியிருந்தாள். "இன்னா பொம்பள நீ! கொன்னுட்டிருப்பியே!" என்று என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அடித்திருக்கலாம்.

அதன்பின் ஒரு வேளை மாத்திரையையும் விடவில்லை. ஆனால் இத்தனை வருடம் விளையாடியதற்குத் தண்டனையோ என்னவோ, வர வர மாத்திரையும் கேட்காமல் போயிற்று. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். படமெடுத்துப் பார்த்த டாக்டர், பழைய அடியின் தழும்பிலிருந்துதான் வலிப்பு கிளம்புகிறது, வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் எது தழும்பு எது நல்ல சதை என்று தெரிய நான் விழித்திருக்க வேண்டும் என்றார். மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு என்னோடு பேசப்போகிறார்களாம். நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே சரி என்றேன்.

வலப்பக்கமாகப் படுக்கவைத்தார்கள். மூளையைத் தொட்டால் வலிக்காது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கம்பி போன்ற ஒன்றால் மெல்லிய கரண்ட் வைத்தார்கள். ஒரு இடத்தில் வைத்தால் என் சுண்டுவிரல் தானாக மடங்கியது. இன்னொரு இடத்தில், எண்ணிக்கொண்டிருந்த எண் வாயிலேயே நின்றது. மூன்றாவது இடத்தில் அவள் வந்தாள்.

"வந்துட்டா" என்றேன்.

"எங்கம்மா?"

"முதுகோட ஒட்டி படுத்துக்கினு இருக்கா சார்."

கம்பியை எடுத்தார். போய்விட்டாள். "இப்ப வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைக்காமல் இருந்து பார்த்தார், அவள் வரவில்லை. சொல்லாமல் வைத்தார், வந்தாள். வீட்டில் சுவிட்சைப் போட்டு அணைக்கிற மாதிரி என் அக்காவைப் போட்டுப் போட்டு அணைத்தார்.

"உடம்பு எங்க இருக்குன்னு மூளை எந்நேரமும் பாத்துக்கிட்டே இருக்கும்மா" என்றார் மெதுவாக. "எனக்கும் பாக்குது, வாசல்ல நிக்கிற வாட்ச்மேனுக்கும் பாக்குது. நாம கவனிக்கிறதில்ல, அவ்ளோதான். அந்த வேலை இந்த இடத்துல நடக்குது. இதைக் கலைச்சா உங்க உடம்பையே இன்னொரு ஆளா காட்டும். நீங்க உக்காந்தா உக்காருறாங்கன்னு சொன்னீங்க இல்ல? பின்னால நின்னது நீங்கதாம்மா."

பாவி மனுஷா, அக்காவை இரண்டாம் தடவை சாகடித்துவிட்டாயே என்று மனதுக்குள் கத்தினேன். அப்படியானால் பதினைந்து வருடமாக "கோபமில்லை" என்றது யார்? என்னை நானே மன்னித்துக்கொண்டு, அதை அக்கா தலையில் கட்டியிருக்கிறேனா?

"இன்னொரு தபா வைங்க சார்."

கம்பியை மறுபடி வைத்தார். முதுகில் அவள் ஒட்டினாள். கோபமா என்று அவளிடம் கேட்பதற்காக வாயைத் திறந்தேன். பின்னால், அதே நொடியில், அவளும் வாயைத் திறப்பது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவளும் மூடிக்கொண்டாள்.

"போதுமாம்மா?" என்றார் டாக்டர்.

"போதும் சார்."

தழும்பை வெட்டி எடுத்தார்கள். அதோடு வலிப்பு நின்றது. பிடரி வெறுமையாக இருந்தது. ஒருவர் காலி செய்துவிட்டுப் போன வீட்டைப்போல அந்தப் பக்கம் மட்டும் குளிர்ந்தது. அம்மாவிடம் டாக்டர் சொன்னது எதையும் சொல்லவில்லை. அவள், ஆஸ்பத்திரியில் என் தலைக்கட்டைத் தடவிக்கொண்டே, "அவ இருக்காளா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.

ஆடி வந்தது. மாத்திரையை அரிசிப் பானையில் ஒளிக்க அவசியமில்லை. குடம் வைத்தோம், புடவை வைத்தோம். பம்பைக்காரர் பாடினார். யாரும் வரவில்லை. மறுபடி பாடினார். வியர்த்துப்போய் மூன்றாம் முறையும் பாடினார். என்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வந்துட்டா" என்றேன்.

அம்மா வழக்கம்போல என் இடது தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "மண்டைய அறுக்கறப்போ தங்கச்சி பக்கத்துலயே இருந்தியாடி?"

"இருந்தேம்மா."

"பயந்துகினாளா?"

"ரொம்ப."

இதுவரை சமாளித்துவிட்டேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது. "தங்கச்சி மேல கோவமாடி?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இத்தனை வருடம் சொன்னதுதானே. வாய் வரவில்லை. பின்னால் யாருமில்லாதபோது அந்த வார்த்தையை யாருக்காகச் சொல்வது? பம்பையும் நின்றுவிட்டது. அழுதேன்.

அம்மா எழுந்து வந்து, படைத்த புடவையை என் தோளில் போர்த்தினாள். அவள் கண் என்மேல் இல்லை. அதே இடத்தில், என் பிடரிக்குச் சற்று மேலே நிலைத்திருந்தது. எதையோ கவனமாகக் கேட்பவள்போலத் தலையைச் சாய்த்தாள்.

"கோவமில்லியாம்டி" என்றாள். "எங்கயும் போகல, உம் பின்னாலதான் நிக்கிறா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.