மூன்றாவது றாத்தல்

அன்று காலை எழுந்ததும், அண்ணன் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்த விண்ணப்பத்தை எடுத்துப் பரீட்சைத் தாள்களுக்கு அடியில் தள்ளினேன். குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போவதற்கான விண்ணப்பம். "உன்னையும் சேத்துத்தான் எழுதியிருக்கேன், தங்கச்சி. கையெழுத்து மட்டும் போடு" என்று முதல்நாள் சொல்லியிருந்தார். தேத்தண்ணீர் கொதிக்கும் முன்னே தந்தி வந்தது. யாழ்ப்பாணத்தில் சிவபாக்கியம் டீச்சர் காலமாகிவிட்டார்.

நோர்வூட்டுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடம் அவர் கணக்குப் படிப்பித்தார். பக்கத்து வகுப்பில் நான் தமிழ். அவரோடு வேலை செய்து, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவருடைய கண்டிப்புத் தெரியும். இது தெரியாமலிருக்கலாம்.

ஒருமுறை பரீட்சைக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். தாயும் மகளும் சேர்ந்து பறித்த கொழுந்து முப்பத்தாறு றாத்தல். மகளைப்போல் இரு மடங்கு தாய் பறித்தாள். மகளின் பங்கு எவ்வளவு? பன்னிரண்டு வரவேண்டும். வகுப்பு முழுவதும் பத்து என்று எழுதியிருந்தது. பார்த்தெழுதினார்கள் என்று எல்லாருக்கும் பிழை போட்டுவிட்டார்.

"பாத்தெல்லாம் எழுதல டீச்சர்," என்றாள் முன்வரிசைச் செல்லம்மா. "நிறுக்கையில கூடைக்கு மூணு றாத்தல் கழிக்கணும்ல? ரெண்டு கூடைக்கு ஆறு போச்சு. மிச்சத்தத்தான் பங்கு வச்சோம்."

அன்று பின்னேரமே என்னையும் இழுத்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனார்.

"டீச்சரும் கொழுந்து எடுத்தீங்களா?" என்று கணக்கப்பிள்ளை கேலி செய்தார்.

"வெறுங்கூடையை நிறுத்துக் காட்டுங்கோ."

இரண்டு றாத்தல்தான் இருந்தது. "மத்தது ஈரத்துக்கு" என்று முணுமுணுத்தார் கணக்கப்பிள்ளை. வெளியே நல்ல வெயில். வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மறுநாள் தன் சிவப்புக் கோடுகளைத் தானே சிவப்பு மையால் வெட்டி, எல்லாருக்கும் முழுப் புள்ளி போட்டார். "பிள்ளையள், பிழை என்ரை. அந்த மூண்டாவது றாத்தலுக்கு, தெரியாத எண்ணுக்கு வைக்கிற மாதிரி, ஒரு எழுத்து வையுங்கோ. பேர் வைச்சால்தான் தேடலாம்."

இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் எங்கள் தோட்டத்துச் சனத்தை உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று பங்கிட்டுக்கொண்ட செய்தி பத்திரிகையில் வந்தபோது, அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் புறப்படவிருந்தார்.

"இதுவும் உங்க பங்குக் கணக்குதான் டீச்சர்" என்றேன்.

"கொழுந்தைப் பிரிக்கலாம். நீர் என்ன கொழுந்தே? பிரிக்க முதல் உம்மட்டை ஆராவது கேட்டவையோ?"

சிவப்பின் மேல் சிவப்பாக அவர் திருத்திய தாளொன்றை வைத்திருக்கிறேன். அவருடையதாக என்னிடம் இருப்பது அதுவும் அந்தக் கேள்வியும்தான். அண்ணன் நல்ல மனிதர். ஆனால் அவரும் என்னைக் கேட்கவில்லை.

விண்ணப்பம் இன்னும் தாள்களுக்கு அடியிலேயே கிடக்கிறது. நான் கையெழுத்திடப் போவதில்லை. வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.