மடிப்புக்கு விடாத கை

சீனிம்மா, என் மகளே, நீ எங்களை விட்டு மௌத்தாகி ஏழு மாதம். இன்று தையல் கடையில் உன் படிப்பு என்னை வெட்கப்படுத்திவிட்டது.

புதிதாகச் சேர்ந்த ஷிப்னாவிடம் ஒரு கல்யாண அபாயாவை வெட்டச் சொன்னேன். "ஓம் ராத்தா" என்றாள். மடிப்புக்குத் துணி விடாமல் அதன் கையை வெட்டிவிட்டாள்.

எல்லாருக்கும் முன்னால் ஏசினேன். "காதுல என்ன பஞ்சா?"

அவள் அழுதாள். அப்போதுதான் நீ கெம்பஸில் படித்த தொடர்பாடல் பாடம் ஞாபகம் வந்தது. "சொன்னா மட்டும் போதா உம்மா, மத்தவங்களுக்கு என்ன விளங்கின எண்டு கேக்கணும்" என்பாய். "கதைக்கிறதுக்கும் ஒரு படிப்பா?" என்று நான் சிரிப்பேன்.

"நான் என்ன சொன்னன், சொல்லு புள்ள" என்றேன்.

"நீளம் மட்டும்தான் சொன்னீங்க ராத்தா. மடிப்புக்கு எவ்வளவு எண்டு கேட்டா ஏசுவீங்க எண்டு பயத்துல ஓம் எண்டுட்டன்."

உண்மைதான். மடிப்பைச் சொல்ல மறந்தது நான். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன வருடம் உன்னைக் கேட்காமலே உனக்கு ஒரு சம்பந்தம் பேசிவிட்டு வந்து சொன்னேன். நீயும் உடனே "ஓம் உம்மா" என்றாய்.

அதுவும் எனக்குப் பயந்துதானா, சீனிம்மா?