உள்ளங்கை அரிப்பும் தம்பியின் இணைச்சீரும்

எனக்கு ஒரே தம்பி. அவன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு உட்கார வேண்டியவள் நான். கூடப்பிறந்தவள் செய்கிற சீர் அது. செய்யவில்லை. காரணம் ஓர் அரிப்பு என்று நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

இரண்டாம் உலக யுத்த காலம். வெண்ணந்தூரில் என் பிறந்த வீட்டில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. சேலத்தை அடுத்த இளம்பிள்ளை ஊர்ப்பக்கம், புகுந்த வீட்டில் நான் காய்ச்சலில் கிடந்தேன். கண்ணை உருட்டினால்கூட வலித்தது. கல்யாணத்துக்குள் எழுந்துவிட வேண்டுமே என்று கசாயத்தை முகம் சுளிக்காமல் குடித்தேன். காய்ச்சலும் விட்டது. அப்பாடா என்று பெட்டியில் புடவையை வைத்தபோதுதான் உடம்பெங்கும் சிவப்பாகத் தடித்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்த அரிப்பைச் சொல்லி முடியாது.

மாமியார் ஒரு பார்வைதான் பார்த்தார். வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது.

"அத்தை, இது காச்சலோட வந்த தடிப்புங்க. சேலத்துல பாதிச் சனத்துக்கு இப்படித்தானாமுங்க. டாக்டர் டெங்குன்னாருன்னு உங்க மகனே சொன்னாருங்களே!"

"டாக்டருக்கு என்ன தெரியும்? ஆத்தா வந்திருக்கறா. சொறியாத சாமி."

அதுவரை என்னிடம் சிடுசிடுத்தவர், இப்போது கையெடுத்துக் கும்பிட்டார். நான் வாயைத் திறந்தால் ஆத்தா கோபிக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் நான் என்னத்தைப் பேசுவது? தாளிப்பில்லாத சோறு, குளியல் இல்லை, நகம் படக்கூடாது. வேப்பங்கொழுந்தால் தடவிக்கொள்ளலாம், அவ்வளவுதான். வீட்டுக்காரர் வாசலோடு நின்று, "அம்மா சொல்றாங்கல்ல" என்றார். நல்ல ஆம்பிளை!

தடிப்பு தானாக மறைந்து, கைத்தோல் உரியத் தொடங்கியது. ஆனால் மூன்று தண்ணீர் தலைக்கு ஊற்றும்வரை வெளியே போகக்கூடாதாம். மூன்றாம் தண்ணீருக்கு முன்பே அங்கே தாலி கட்டியாகிவிட்டது. பெரியப்பா மகள் என் இடத்தில் உட்கார்ந்தாளாம். அழுதேன். ஆத்தா மனம் இரங்குகிறாள் என்று மாமியார் விளக்கேற்றினார்.

தம்பி பெண்டாட்டியோடு விருந்துக்கு வந்தான். என் கையைப் பார்த்ததும் தன் கையை நீட்டினான். அதே தோல் உரிசல்.

"ஏனக்கா, இதுக்கா வரலை? நம்மூருல ஊடு தவறாம இதேதான். மணவறையில நானும் சொறிஞ்சேன், இவளும் சொறிஞ்சா. அம்மைன்னு நெனைச்சிருந்தா ஊருல ஒரு வேப்பமரம் மிஞ்சியிருக்காது."

மாமியார் அவன் கையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"காச்சல்தானாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு, விருந்துக்குத் தாளிக்க அடுப்படிக்குப் போய்விட்டார். கடுகு வெடித்த சத்தத்தில் நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை.